கம்பி விட்டுப் பார்த்தியா?

மகளும் மாப்பிள்ளையும் விசாகப்பட்டினத்தில் இருக்கிறார்கள். பொங்கல் முடிந்து ஒரு வாரம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தோம். ஒரு நாள் மாலை ஆர்.கே. கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கடலைப் பார்த்தபடி ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பொம்மை இல்லை, நிஜக் கப்பல். 1969இல் சோவியத் நாட்டின் ரீகா நகரில் நம் கடற்படைக்குக் கைமாறி, 2001 வரை ஓடி ஓய்ந்த கப்பல். 2002இலிருந்து அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்பக்கம் படியேறி உள்ளே நுழைந்து, பின்பக்கம் இறங்கிவிடலாம்.

நுழைந்தவுடன் டார்பிடோ அறை. டார்பிடோ என்றால் தண்ணீருக்குள் தானே ஓடிப்போய் எதிரிக் கப்பலைத் தாக்கும் நீளக் குண்டு. எதிரே ஆறு வட்டக் கதவுகள், இரண்டிரண்டாக மூன்று அடுக்கு. கூட்டம் கதவுகளைப் பார்த்து, ஒரு செல்ஃபி எடுத்து, அடுத்த அறைக்குப் போகும் வட்ட ஓட்டைக்குள் குனிந்து போய்க்கொண்டே இருந்தது. என் மனைவியும் பேத்தியும் போய்விட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன்.

கோயம்புத்தூரில் வால்வு செய்கிற தொழிற்சாலைகளில் 32 வருடம் ஹைட்ரோ டெஸ்ட் பிரிவில் வேலை பார்த்தவன் நான். வால்வுக்குள் தண்ணீரை நிரப்பி, பம்ப் போட்டு அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா, வியர்க்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. வால்வின் வாயை அடைக்கும் தட்டான பிளைண்ட் ஃபிளாஞ்ச், அழுத்தம் காட்டும் கேஜ், காற்றை வெளியே விடும் குட்டித் திருகான வென்ட் காக், தண்ணீரை வடிக்கும் டிரெயின் காக் இவற்றோடுதான் என் நாள் விடிந்து முடியும். இங்கே பார்த்தால் அதே சாமான்கள்! கையகலக் கதவு இல்லை, முழு ஆள் நுழைகிற அளவுக் கதவு. அதைச் சுற்றி சின்னச் சின்னக் குழாய்கள், காக்குகள், கேஜ்கள். வேறு நாட்டுக்காரன் செய்தது, வேறு மொழியில் எழுதியது, ஆனாலும் எது எதற்கு என்று ஓரளவு கண்ணால் படிக்க முடிந்தது. சொந்தக்காரர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

டார்பிடோ குழாய் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் பின்னால் சொல்லப்போவது உறைக்கும்.

டார்பிடோவை உள்ளே வைத்துக் கடலுக்குள் அனுப்புகிற குழாய்தான் அது. தண்ணீருக்கு மேலே ஓடுகிற போர்க்கப்பலில் இது எளிய சாமான். மேல்தளத்தில் மூன்று நான்கு குழாய்களைச் சேர்த்துக் கட்டி, வேண்டிய பக்கம் திருப்பி, காற்றழுத்தத்தாலோ வெடிமருந்தாலோ டார்பிடோவைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுவார்கள். குழாயில் கோளாறு என்றாலும் கப்பல் மூழ்கிவிடாது.

நீர்மூழ்கியில் கதை வேறு. கடலை வெளியே நிறுத்தத்தான் அவ்வளவு கனமான இரும்புக் கூட்டைக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கூட்டில் நாமே 533 மில்லிமீட்டர், அதாவது 21 அங்குல ஓட்டை போடுகிறோம். ஒன்று இரண்டல்ல, குர்சுராவில் முன்னால் ஆறு, பின்னால் நான்கு, ஆகப் பத்து. 22 டார்பிடோக்களைச் சுமந்தபடி, 75 பேர் அந்த 91 மீட்டர் நீளக் கூட்டுக்குள் வாழ்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் இரண்டு கதவு. கடல் பக்கம் ஒன்று, ஆள் பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. நீர்மூழ்கியின் டார்பிடோ அறையில் மற்ற சட்டங்களெல்லாம் இந்த ஒரு சட்டத்துக்குப் பிறகுதான்.

சுடுவதற்கு வரிசை உண்டு. உள்கதவைத் திறந்து டார்பிடோவை உள்ளே தள்ளி மூட வேண்டும். டார்பிடோவைச் சுற்றியிருக்கும் இடைவெளியில் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதையும் கடலிலிருந்து எடுப்பதைவிடக் கப்பலுக்குள் இருக்கிற தொட்டியிலிருந்தே எடுப்பார்கள், இல்லாவிட்டால் மூக்கு கனத்துவிடும். அப்புறம் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தையும் வெளியே கடல் அழுத்தத்தையும் சமப்படுத்த வேண்டும். ஏன் சமப்படுத்த வேண்டும் என்பதற்கு எங்கள் பட்டறைக் கணக்கு ஒன்று போதும். 10 மீட்டர் ஆழத்துக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கேஜி அழுத்தம். 100 மீட்டரில் பத்து கேஜி. 21 அங்குல வட்டத்தின் மேல் அது 22 டன் சுமை. லோடு ஏற்றிய லாரி ஒன்று கதவின்மேல் சாய்ந்து நிற்கும்போது அதை யாரால் திறக்க முடியும்? சமமான பிறகுதான் வெளிமூடி திறக்கும். அழுத்தக் காற்றை விட்டு டார்பிடோவைத் தள்ளுவார்கள். காற்று குமிழியாக மேலே போனால் எதிரிக்கு முகவரி கொடுத்த மாதிரி. அதனால் கடைசி நொடியில் அந்தக் காற்றைக் கப்பலுக்குள்ளேயே வாங்கிக்கொள்வார்கள். சுமார் இரண்டு டன் எடையுள்ள டார்பிடோ போன இடத்தைக் கடல்நீர் நிரப்பும். பிறகு வெளிமூடியை மூடி, தண்ணீரைத் தொட்டிக்கு வடித்து, குழாய் காலியா என்று பார்த்து, உள்கதவைத் திறந்து அடுத்ததை ஏற்ற வேண்டும்.

இப்போது வருகிற சில கப்பல்களில் காற்றால் தள்ளுவதில்லை. காற்று டர்பைனால் ஓடுகிற ஒரு பம்ப், கடல்நீரையே அள்ளி டார்பிடோவின் முதுகில் அடித்துத் தள்ளுகிறது. குமிழி வராது. பம்ப் ஊர்க்காரனான எனக்கு அதைப் படித்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சரி, கதவுக்கு வருகிறேன். “குழாய் காலியா என்று பார்த்து” என்று மேலே நான்கு சொற்களில் சொல்லிவிட்டேனே, அந்த நான்கு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு முழுவதும்.

குர்சுராவில் வழிகாட்டுகிறவர்கள் ஓய்வுபெற்ற கடற்படை ஆட்கள். அன்று அந்த அறையில் நின்றவர் என் வயதுக்காரர், தெலுங்குக்காரர். கூட்டம் சற்று வடிந்ததும் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். “உள்கதவைத் திறக்கும் முன்னால் உள்ளே தண்ணீர் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?”

“டெஸ்ட் காக் இருக்கும். திறந்தால், தண்ணீர் இருந்தால் பீச்சும். இல்லாவிட்டால் வராது.”

“அந்த ஓட்டை அடைத்திருந்தால்?”

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். “சார், நீங்கள் எந்த வேலை பார்த்தீர்கள்?” என்றார். சொன்னேன். தோளில் கை வைத்து, “தீட்டிஸ் என்று ஒரு கப்பல். வீட்டுக்குப் போய்ப் படியுங்கள்” என்றார். அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்துவிட்டது.

அன்று இரவு மகள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து இரண்டு மணி வரை போனில் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஒரு மாதமும் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

எச்.எம்.எஸ். தீட்டிஸ், பிரிட்டிஷ் நீர்மூழ்கி. பிர்கன்ஹெட் நகரின் கேமல் லேர்ட் தளத்தில் கட்டியது. 1939 ஜூன் 1 அன்று, லிவர்பூல் விரிகுடாவில், முழுதாக மூழ்கிப் பார்க்கும் சோதனைக்குப் போனது. வழக்கமாக ஐம்பத்துச் சொச்சம் பேர் போகிற கப்பலில் அன்று 103 பேர். கப்பல் கட்டியவர்கள், மேற்பார்வை அதிகாரிகள், சாப்பாடு பரிமாற வந்தவர்கள்கூட இருந்தார்கள். கேப்டன் கை போலஸ். பிற்பகலில் மூழ்கப் பார்த்தார்கள். கப்பல் இறங்கவில்லை. எடை குறைவாக இருந்தது.

எடைக் கணக்குத் தாளில் ஐந்தாம், ஆறாம் எண் குழாய்களில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று இருந்தது. இருக்கிறதா? டார்பிடோ அதிகாரி லெஃப்டினன்ட் ஃபிரெடரிக் உட்ஸ் பார்க்கப் போனார். உள்கதவில் இருந்த டெஸ்ட் காக்கைத் திறந்தார். ஐந்தாம் எண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை. அப்படியென்றால் காலி. உள்ளே பார்த்துவிடலாம் என்று கதவுகளை வரிசையாகத் திறக்கச் சொன்னார். ஒன்று முதல் நான்கு வரை திறந்தாயிற்று, எல்லாம் காலி. ஐந்தாவதின் நெம்புகோல் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. பிறகு கதவு வெடித்துத் திறந்தது. பின்னால் கடல் நின்றது. ஐந்தாம் எண்ணின் வெளிமூடி திறந்தே இருந்திருக்கிறது.

தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். 21 அங்குலக் குழாய், நான்கு மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், உராய்வெல்லாம் கழித்தும் நொடிக்கு ஒன்றரை டன் அளவுக்கு வரும். தெருவுக்கு வருகிறதே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அது எட்டு நொடியில் காலியாகிற வேகம். அதன் முன்னால் நின்று ஒரு கதவைத் தள்ளி மூட மனிதனால் ஆகாது.

டெஸ்ட் காக்கில் ஏன் தண்ணீர் வரவில்லை? குழாயின் உள்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க பிட்டுமன் எனாமல் பூசியிருந்தார்கள். தார் கலந்த கெட்டியான பூச்சு. கதவின் உள்பக்கம் பூசும்போது அந்தக் காக்கின் பொடி ஓட்டைக்குள்ளும் அது போய் அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கடலே இருந்தது, இந்தப் பக்கம் காய்ந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிமூடி திறந்திருக்கிறதா என்று காட்டும் முள் கேஜ்கள் ஆறும் அந்த அறையில் இருந்தன. ஆனால் ஐந்தாம் எண்ணுடையது எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. முதலாம் எண்ணில் முள் எந்தப் பக்கம் இருந்தால் ‘மூடியது’ என்று பொருளோ, ஐந்தில் அதற்குக் கண்ணாடிப் பிம்பம் போல எதிர்ப்பக்கம் இருந்தால்தான் அந்தப் பொருள். இதைப் படித்ததும் எழுந்து பால்கனியில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு பேனலில் ஒரு கேஜ் மட்டும் எதிர்ப்பக்கம் படிக்க வேண்டியதாக இருந்தால், அதை ஒரு நாள் யாரோ தப்பாகப் படித்தே தீருவார்கள். படித்தவரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது.

உட்ஸும் கூட இருந்தவர்களும் பின்வாங்கி அறைக் கதவை மூடப் பார்த்தார்கள். அந்தக் கதவு ஒரே திருகில் மூடுகிற கதவு இல்லை. சுற்றிலும் விங் நட், அதாவது கையால் திருகுகிற காது வைத்த நட், போட்டு இறுக்க வேண்டியது. அதில் ஒன்று சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கதவைச் சேரவிடவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அதையும் கைவிட்டு அடுத்த அறைக்கு ஓடி, அங்கேதான் மூட முடிந்தது. முன்னால் இரண்டு அறை நிறைந்து கப்பல் மூக்கு கீழே போய் ஏறக்குறைய 50 மீட்டர் ஆழத்தில் தரையில் குத்தி நின்றது.

உள்ளே இருந்தவர்கள் இரவெல்லாம் வேலை செய்தார்கள். எண்ணெயையும் தண்ணீரையும் வெளியே தள்ளி, விடிவதற்குள் கப்பலின் வாலை 18 அடி உயரத்துக்குக் கடலுக்கு மேலே தூக்கிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், 103 பேரின் மூச்சு அடைந்த அந்தக் காற்றில் இவ்வளவும் செய்திருக்கிறார்கள். காலையில் தேடி வந்த கப்பல் அந்த வாலைக் கண்டது. தப்பிக்கும் அறை வழியாக, சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் வெளியே வந்தார்கள்: பார்வையாளராகப் போயிருந்த கேப்டன் ஹாரி ஓராம், அப்புறம் உட்ஸ். அடுத்து நேரம் மிச்சம் பிடிக்க நான்கு பேரை ஒன்றாக அனுப்பினார்கள். அது பலிக்கவில்லை. பிறகு வால்டர் ஆர்னால்ட் என்ற மாலுமியும், ஃபிராங்க் ஷா என்ற கப்பல்தளத் தொழிலாளியும் வந்தார்கள். அதோடு சரி. மற்ற 99 பேரும் உள்ளேயே போய்விட்டார்கள். கரியமிலவாயுதான் கொன்றது. வால் கண்ணுக்குத் தெரிய நின்றுகொண்டிருந்தது, மேலே கப்பல்கள் சுற்றிக்கொண்டிருந்தன, பிர்கன்ஹெட் தளத்து வாசலில் பெண்கள் செய்திக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இருக்கிறது.

அது 1994. அப்போது நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். ஒரு எட்டு அங்குல கேட் வால்வு. ஃபவுண்டரியிலிருந்து வரும்போதே சிவப்பு பிரைமர் அடித்து வந்துவிட்டது. டெஸ்டுக்கு முன்னால் பெயிண்ட் கூடாது என்பது விதி. மாதக் கடைசி, லாரி வாசலில் நிற்கிறது, நானும் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிட்டேன். டெஸ்ட் முடிந்தது. பம்ப் பக்கம் அழுத்தத்தை இறக்கினேன். கேஜ் பூஜ்யம் காட்டியது. வால்வின் மேல் வென்ட் காக்கைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சரி, காலி என்று ஹெல்ப்பர் தம்பியைப் பார்த்து “கழட்டு” என்று சொல்லிவிட்டு ரிஜிஸ்டரில் எழுதத் திரும்பினேன்.

கேஜ் இருந்தது பம்ப் பக்கம். பம்புக்கும் டெஸ்ட் செய்த வால்வுக்கும் நடுவே இருந்த சின்ன வால்வு மூடியிருந்தது. டெஸ்ட் செய்த வால்வின் பாடிக்குள் மேல்மூலையில் ஒரு பிடி காற்று சிக்கி, அழுத்தத்தோடு அப்படியே இருந்தது. வெறும் தண்ணீர் என்றால் ஒரு சொட்டு வெளியேறியதும் அழுத்தம் இறங்கிவிடும். காற்று சுருள்வில் மாதிரி, விடாது. வென்ட் ஓட்டையில் பிரைமர் காய்ந்து உட்கார்ந்திருந்தது. நட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தவனின் கையில், பிளைண்ட் ஃபிளாஞ்ச் ஒரு பக்கமாக உதறித் திறந்தது. இடது மணிக்கட்டு உடைந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. எலும்பின் சத்தம் இல்லை, இரும்பு இரும்பில் மோதிய சத்தம்.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து நின்றபோது எங்கள் ஃபோர்மேன் வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. வால்வைச் சுற்றி வந்தார், வென்ட் காக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டுக்கம்பித் துண்டை எடுத்து ஓட்டைக்குள் விட்டார். கால் அங்குலம் போய் நின்றது. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“கம்பி விட்டுப் பார்த்தியா?”

இல்லைங்க என்றேன். அப்புறம் உட்காரவைத்துச் சொன்னார். “ஒண்ணும் வரலைன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு கண்ணு. உள்ள ஒண்ணும் இல்லைன்னு ஒண்ணு. வழி இல்லைன்னு ஒண்ணு. கம்பி விட்டுப் பார்த்தாத்தான் எதுன்னு தெரியும்.”

அன்று முதல் ஓய்வுபெறும் வரை என் சட்டைப் பையில் ஒரு கட்டுக்கம்பி இருந்தது.

தீட்டிஸில் அந்தக் கம்பியும் இருந்திருக்கிறது என்பதுதான் என்னை உலுக்கிவிட்டது. டெஸ்ட் காக்கின் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு ஊசி வைத்திருந்தார்கள். அதை வடிவமைத்தவருக்கு அடைத்துக்கொள்ளும் என்று தெரிந்திருக்கிறது. அன்று அது பயன்படவில்லை. உட்ஸ்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. காக்கைத் திறந்தார், வரவில்லை, நம்பினார். நான் செய்ததும் அதேதான். எனக்குப் போனது ஒரு மணிக்கட்டு, அதுவும் என்னுடையது இல்லை.

விபத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படை ஒரு சாமானைக் கொண்டுவந்தது. அதற்கு ‘தீட்டிஸ் கிளிப்’ என்றே பெயர். டார்பிடோ குழாயின் உள்கதவில் கூடுதலாக ஒரு கொக்கி. கதவின் பூட்டை விடுவித்தாலும், இந்தக் கொக்கி கதவை ஒரு கீற்று அளவுக்கு மேல் திறக்கவிடாது. உள்ளே தண்ணீர் இருந்தால் அந்தக் கீற்று வழியாகப் பீச்சிக் காட்டிக்கொடுத்துவிடும். கதவோ பிடியில்தான் இருக்கும், திரும்ப மூடிவிடலாம். தண்ணீர் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் கொக்கியை எடுத்து முழுதாகத் திறக்க வேண்டும். எவ்வளவு அழகான யோசனை! டெஸ்ட் காக்கின் பொடி ஓட்டையை நம்ப வேண்டியதில்லை. கதவே டெஸ்ட் காக் ஆகிவிடுகிறது. கதவின் விளிம்பு முழுவதையும் பெயிண்ட் அடைக்க முடியாது.

இறந்தவர்களின் மனைவிமார் வழக்குப் போட்டார்கள். சட்டம் படித்த என் அண்ணன் மகளிடம் தீட்டிஸ் என்றதும், “டங்கன் எதிர் கேமல் லேர்டா சித்தப்பா?” என்றாள். அவர்கள் பாடத்தில் இருக்கிறதாம். கப்பலின் ஒப்பந்தம், வரைபடம், கடிதங்கள் இவற்றைக் காட்டுங்கள் என்று விதவைகள் கேட்க, போர்க்காலம், ரகசியம் என்று அரசு மறுக்க, 1942இல், அன்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அரசின் பேச்சை ஏற்றுக்கொண்டது. 1946இல் வழக்கும் தோற்றது. அரசு தன் ஆவணங்களை மறைக்கலாமா என்ற கேள்வி வரும்போது நம் உச்ச நீதிமன்றமும் இந்தத் தீர்ப்பை எடுத்து அலசியிருக்கிறது. 1968இல் இங்கிலாந்தே அந்தக் கடுமையான நிலையிலிருந்து விலகிவிட்டது. அதற்குள் அந்தப் பெண்களுக்கு எவ்வளவு வயதாகியிருக்கும்.

கப்பலை என்ன செய்தார்கள் தெரியுமா? கடலடியிலிருந்து தூக்கினார்கள். தூக்குகிற வேலையில் கடலுக்குள் மூழ்கி வேலை செய்த கடற்படைக்காரர் ஒருவரும் இறந்தார். 1939 செப்டம்பர் 3, இங்கிலாந்து போர் அறிவித்த அதே நாளில், ஆங்கிள்சி தீவின் கரையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். உடல்களை எடுத்தார்கள், கழுவினார்கள், பழுது பார்த்தார்கள், தண்டர்போல்ட் என்று பெயர் மாற்றினார்கள். 1940 டிசம்பரில் அது டரன்டினி என்ற இத்தாலிய நீர்மூழ்கியை டார்பிடோவால் மூழ்கடித்தது. 1943 மார்ச்சில் சிசிலிக்கு அருகே இத்தாலியக் கப்பல் சிகோன்யா இதை மூழ்கடித்தது. அன்றும் உள்ளே இருந்த யாரும் திரும்பவில்லை. ஒரே இரும்புக்கூட்டில் இரண்டு முறை இத்தனை குடும்பங்கள். அந்தக் கப்பலில் இரண்டாவது முறை ஏறியவர்கள், அந்த ஐந்தாம் எண் கதவுக்கு முன்னால் தினமும் நின்று வேலை பார்த்திருப்பார்கள்.

ஊர் திரும்பும் முந்தின நாள் காலை நான் மட்டும் மறுபடி ஆர்.கே. கடற்கரைக்குப் போனேன். குர்சுரா திறக்க இன்னும் நேரம் இருந்தது. எதிரே இருக்கிற 1971 போர் நினைவிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அந்த டிசம்பரில் இந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி தன் ஆட்களோடு மூழ்கிப்போனது. சில நாள் கழித்து, டிசம்பர் 9 அன்று, அரபிக்கடலில் நம் குக்ரி கப்பல் பாகிஸ்தானின் ஹாங்கோர் விட்ட டார்பிடோவால் மூழ்கியது. குழாயின் இந்தப் பக்கம் நிற்பவனுக்கும் ஆபத்து, அந்தப் பக்கம் எங்கோ கடலில் போகிறவனுக்கும் ஆபத்து. இரண்டு கடலிலும் போனவர்களை நினைத்துக்கொண்டு எழுந்து, டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். அந்த வழிகாட்டி அன்று பணியில் இல்லை. ஆறு கதவுகளையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு, பின்னால் இருக்கிற நான்கு கதவுகள் வரை நடந்து, இறங்கி வந்தேன்.

கோயம்புத்தூர் வந்ததும் அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். இப்போது சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான். பனிக்காலத்தில் மணிக்கட்டு இன்னும் வலிக்கும் என்பான். ஐந்தாம் எண் குழாய், பெயிண்ட், ஊசி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். தீட்டிஸ் கிளிப்பைப் பற்றிச் சொன்னதும் குறுக்கிட்டான்.

“அண்ணா, அன்னைக்கு அந்த ஃபிளாஞ்ச் ஏன் பறந்து என் நெஞ்சுல அடிக்கலைன்னு நெனைக்கிறீங்க?”

முப்பது வருடமாக நான் அதை யோசித்ததே இல்லை. ஒரு பக்கமாக உதறித் திறந்தது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். ஏன் ஒரு பக்கமாக?

“மேல ரெண்டு நட்டைக் கழட்டலைங்கண்ணா. லூஸ் பண்ணி அப்படியே விட்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த மொத வாரமே ஃபோர்மேன் சொல்லி வெச்சிருந்தாருங்க, எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டாதே, ரெண்டு நட்டு தொங்கட்டும், மொதல்ல கொஞ்சமா வாயைத் திறந்து பாருன்னு.”